கருவிகள் கூறும் வரலாறு

சென்னைக்கு வடக்கே, எண்ணூரில், கொசத்தலை ஆறு கடலோடு கலக்கின்றது. அக்கழிமுகத்தின் கரையில் நிற்போருக்கு வலை வீசும் மீனவரும், அவர்களுக்குப் பின்னே வானளாவி நிற்கும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் ஒருங்கே தென்படும். அதே ஆற்றின் வடிநிலத்தில் மேற்கு நோக்கிச் சென்றால் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தை அடையலாம். இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் பல்லாவரத்தில் பழைய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பாருடன் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளைக் கண்டார். பிற்காலத்தில் அங்கு அகழ்ந்த சாந்தி பப்பு அவர்களின் குழுவினர், அக்கைக்கோடரிகளுள் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011இல் அறிவித்தனர்.

ஒரே ஆற்றின் வடிநிலம். ஒரு முனையில் மனித இனத்தின் முன்னோர் கல்லைக் கொத்திச் செய்த கோடரி. மறுமுனையில் நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கும் பேராலை. இவ்விரண்டையும் இணைக்கும் நூல் யாது? மன்னர் பெயர்கள் அல்ல, போர்களும் அல்ல. கருவி கொண்டு உழைத்து, இயற்கையிலிருந்து தனக்கு வேண்டியதைப் பெறும் மனிதச் செயலே அந்நூல். இவ்வாறு வரலாற்றை நோக்கக் கற்பித்த சிந்தனையாளருள் தலையாயவர் கார்ல் மார்க்ஸ். அவருடைய கொள்கை தொல்பொருள் ஆராய்ச்சியை எவ்வாறு மாற்றியது, எங்கே அதற்கு ஒளி தந்தது, எங்கே அதனை இடறச் செய்தது என்பவற்றை மாணவர்களாகிய நீங்கள் அறிதல் நலம்.

முதலில் கொள்கையைச் சுருக்கமாகக் காண்போம். 1859இல் வெளிவந்த தம் பொருளியல் நூலொன்றின் முன்னுரையில் மார்க்ஸ் அதனைத் தொகுத்துரைத்தார். மக்கள் உயிர்வாழப் பொருள்களை ஆக்க வேண்டும். அதற்குக் கருவியும், திறமும், மூலப்பொருளும் தேவை. இவை உற்பத்திச் சக்திகள். ஆக்கும்போது மக்கள் தமக்குள் சில உறவுகளை ஏற்படுத்திக்கொள்கின்றனர். நிலம் யாருடையது, உழைப்பவர் யார், விளைவில் பங்கு யாருக்கு எவ்வளவு என்பன அவ்வுறவுகள். இவை உற்பத்தி உறவுகள். இவ்வுறவுகளின் தொகுதியாகிய அடித்தளத்தின் மீதே சட்டமும், ஆட்சியும், சமயக் கருத்துகளும் எழுகின்றன என்பதும், சக்திகள் வளர்ந்து உறவுகளோடு முரண்படும்போது சமுதாயம் மாறுகின்றது என்பதும் அவர் கூற்று.

இது கடினமாகத் தோன்றினால், இராயபுரத்து எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய ஓர் இரும்புக் கொக்கியைக் கொண்டு விளக்குகிறேன். என் தந்தையார் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். சாக்கைக் குத்தி இழுத்துத் தோளில் ஏற்றிக்கொள்ள உதவும் அக்கொக்கியே அவருடைய கருவி. மேஸ்திரி ஒருவரின் கீழ்ப் பலர் கூட்டமாக நின்று கப்பற்சரக்கை இறக்குவர், கூலியைப் பங்கிட்டுக்கொள்வர், ஒருவன் நோயுற்றால் அவன் சுமையை மற்றவர் சுமப்பர். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் அமைந்தது. பெரும் இரும்புப் பெட்டிகளைப் பளுதூக்கி இயந்திரங்கள் தூக்கின. மூட்டைகள் குறைந்தன, மூட்டை சுமக்கும் கூட்டங்கள் கரைந்தன, மேஸ்திரியின் அதிகாரமும் கரைந்தது. கருவி மாறியது, அதனோடு மனிதர் ஒருவரோடொருவர் கொண்டிருந்த உறவும் மாறியது. மார்க்ஸ் கூறிய மாற்றத்தின் ஒரு சிறு வடிவம் எங்கள் தெருவிலேயே நிகழ்ந்தது.

இனித் தொல்பொருள் ஆராய்ச்சிக்கு வருவோம். மார்க்சுக்கு முன்பே கருவிகளைக் கொண்டு காலத்தைப் பகுத்தவர் உளர். டென்மார்க்கு நாட்டுத் தாம்சன், கோபன்ஹேகன் அருங்காட்சியகப் பொருள்களைக் கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என வகைப்படுத்தினார். அதனை விளக்கும் நூல் 1836இல் வெளிவந்தது. எனினும் அப்பகுப்பு, எது முன்னே எது பின்னே என்பதைக் கூறியதேயன்றி, ஏன் மாறியது என்பதைக் கூறவில்லை. மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற்பாகத்தில், மறைந்த விலங்கினங்களை அறிய எலும்புகள் எவ்வாறு உதவுமோ, அவ்வாறே மறைந்த சமுதாயங்களை அறிய அவற்றின் உழைப்புக் கருவிகள் உதவும் என்னும் கருத்தை உரைத்தார். பழம்பொருள் சேகரிப்போர் பொன்னையும் சிலையையும் தேடிக்கொண்டிருந்த காலத்தில், உடைந்த உளியும் அரிவாளும் அவற்றினும் மதிப்புடையன என்று கூறியது புதுமையன்றோ?

இக்கருத்தை நெறியாக்கி உலகறியச் செய்தவர் கார்டன் சைல்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1892இல் பிறந்த இவர், பிரிட்டனில் பேராசிரியராக விளங்கி, 1957இல் மறைந்தார். 1936இல் வெளிவந்த அவருடைய நூல், மனிதன் தன்னைத்தானே ஆக்கிக்கொள்கிறான் என்னும் பொருள்படும் பெயருடையது. அதில் அவர் பழங்காலத்தில் இரு பெரும் புரட்சிகளைச் சுட்டினார். வேட்டையாடித் திரிந்த மனிதன் பயிரிடவும் ஆடுமாடு வளர்க்கவும் கற்றது முதலாவது; அதனைப் புதிய கற்காலப் புரட்சி என்றார். உழவர் தம் தேவைக்கு மேல் விளைவித்த உபரியைக் கொண்டு, உழாத கைவினைஞரும், வணிகரும், எழுத்தரும், ஆள்வோரும் ஓரிடத்தில் கூடி வாழத் தொடங்கியது இரண்டாவது. அது நகரப் புரட்சி.

‘உபரி’ என்னும் சொல்லை இங்கே ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒரு நகரை அகழும்போது கிடைக்கும் களஞ்சியத்தைக் கண்டு, ‘எத்துணைப் பெரிய களஞ்சியம்!’ என வியப்பது பழைய முறை. ‘இதனை நிரப்பியவர் யார்? திறவுகோல் யார் கையில் இருந்தது?’ என வினவுவது சைல்டு காட்டிய முறை. மார்க்சியம் தொல்பொருள் ஆராய்ச்சிக்கு அளித்த முதற்கொடை விடைகள் அல்ல, இத்தகைய வினாக்களே.

சோவியத்து நாட்டில் இக்கொள்கை அரசின் ஆதரவையே பெற்றது. லெனின் 1919இல் பிறப்பித்த ஆணையால் பொருட்பண்பாட்டு வரலாற்றுக் கழகம் ஒன்று தோன்றியது. அங்கிருந்த ஆய்வாளர் செல்வர் கல்லறைகளை மட்டும் தோண்டுவதோடு அமையாது, எளிய மக்களின் குடியிருப்புகளையும் பட்டறைகளையும் அகழ்ந்தனர். செமியோனோவ் என்பார், கற்கருவிகளின் கூர்முனைகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, தேய்மானத்தின் தடங்களைக் கொண்டே அக்கருவி தோல் சீவியதா, மரம் அறுத்ததா, கதிர் அரிந்ததா எனக் காணும் முறையை வளர்த்தார். 1957இல் வெளிவந்த அவர் நூல் 1964இல் ஆங்கிலத்திலும் வந்து, உலகெங்கும் அம்முறை பரவிற்று. அதனைப் படித்தபோது, தந்தையாரின் கொக்கிப் பிடியில் அவர் உள்ளங்கை பதிந்து பதிந்து ஏற்பட்ட பள்ளமே எனக்கு நினைவில் எழுந்தது. கருவி தன்னைப் பிடித்த கையை மறப்பதில்லை.

ஆயினும் அதே நாட்டில் கொள்கை கட்டளையாகவும் மாறியது. எல்லாச் சமுதாயங்களும் ஆதிப் பொதுமை, அடிமை முறை, நிலமானிய முறை, முதலாளித்துவம் என்னும் படிகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியே தீரவேண்டும் என வகுத்துவிட்டு, மண்ணில் கிடைத்தவற்றை அப்படிகளுக்குள் திணித்தனர். 1930களில் மாறுபட்டுக் கருதிய ஆய்வாளர் சிலர் பணியிழந்தனர், சிறைப்பட்டோரும் உளர். விடையை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு தோண்டுபவனுக்கு மண் எதையும் கற்பிக்காது.

நம் நாட்டில் இக்கொள்கையை உரிமையோடும் கூர்மையோடும் கையாண்டவர் தாமோதர் தர்மானந்த கோசாம்பி. 1907இல் கோவாவில் பிறந்து 1966இல் புனேயில் மறைந்த இவர், தொழிலால் கணித அறிஞர். நாணயம் கைமாறக் கைமாறத் தேய்ந்து எடை குறையும் அன்றோ? இவ்வெளிய உண்மையைப் புள்ளியியலோடு இணைத்து, தட்சசீலத்தில் கிடைத்த முத்திரை நாணயங்களை நிறுத்து, எவை நெடுங்காலம் புழங்கின, எவை பிற்பட்டவை எனக் கணித்தார். புனேயைச் சுற்றிய மலைப்பாதைகளில் நடந்து, சிறுகற்கருவிகள் கிடக்கும் இடங்களையும், சிற்றூர்த் தெய்வங்களின் இடங்களையும், பழைய வணிக வழிகளையும், பௌத்தக் குடைவரைகளையும் ஒப்பிட்டார். 1956இல் வெளிவந்த அவருடைய இந்திய வரலாற்று நூல் ஒரு தலைமுறையின் பார்வையையே திருப்பியது. மார்க்சைப் போற்றிய கோசாம்பி, கிரேக்க உரோமநாடுகளில் இருந்தது போன்ற அடிமை உற்பத்தி முறை இந்தியாவில் இருந்ததில்லை என்று துணிந்து கூறினார். கொள்கையை ஏற்பது வேறு, அதற்கு அடிமையாவது வேறு என்பதற்கு அவரே சான்று.

நம் சென்னையிலும் மார்க்சின் கருத்துகளைத் தமிழருக்கு முதன்முதல் எடுத்துரைத்தோருள் ஒருவர், மீனவர் குடியில் தோன்றிய சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர். 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தின விழா நடத்திய அவர், உயிரினப் படிமலர்ச்சி முதலிய அறிவியற் செய்திகளையும் எளிய தமிழில் எழுதினார். அவர் அகழாய்வாளர் அல்லர்; ஆயினும் மனிதனின் தொன்மையை உழைப்போரும் அறிதல் வேண்டும் என்னும் எண்ணத்தை விதைத்தவர். இன்று இராஜாஜி சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

இனித் தமிழ்நாட்டு மண் இக்கொள்கையை எவ்வாறு சோதிக்கின்றது எனக் காண்போம். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையில் கொடுமணல் என்னும் ஊர் உள்ளது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனக் குறிக்கப்படுவது இதுவே என்பர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் பின்னர்ப் பிறரும் நிகழ்த்திய அகழாய்வுகளில், இரும்பும் எஃகும் ஆக்கிய உலைகளின் எச்சங்களும், மணி செய்யும் பட்டறைகளும் வெளிப்பட்டன. முற்றுப்பெற்ற மணி, பாதி துளையிட்ட மணி, உடைந்து எறியப்பட்ட மணி ஆகிய யாவும் அங்கே கிடந்தன. அழகிய மணியைக் காண அருங்காட்சியகம் போதும்; தொழிலாளியைக் காண உடைந்த மணியே வேண்டும். அங்குள்ள ஈமச்சின்னங்கள் சிலவற்றில் சூதுபவள மணிகள் மிகுந்திருந்தன; சிலவற்றில் எளிய கலங்களே இருந்தன. உடையவரும் இல்லாதவரும் என்னும் வேற்றுமை மண்ணுக்குள்ளும் தொடர்ந்தது போலும்.

எனினும், அம்மணியைத் துளையிட்டவர் கூலிக்கு உழைத்தவரா, குடும்பத் தொழிலாகச் செய்தவரா, ஒரு வணிகனுக்குக் கட்டுப்பட்டவரா என்பதை மணி மட்டும் கூறாது. உற்பத்திச் சக்திகள் மண்ணில் எஞ்சும். உற்பத்தி உறவுகள் அத்துணை எளிதில் எஞ்சுவதில்லை. இது மார்க்சியத் தொல்பொருள் ஆராய்ச்சியின் தீராத இடர்ப்பாடு. ஆகவேதான் கல்வெட்டும், இலக்கியமும், பானையோட்டுப் பெயர்களும் துணைக்கு வருதல் வேண்டும்.

மற்றொரு சோதனை இரும்பினைப் பற்றியது. இரும்புக் கோடரியும் கொழுமுனையும் கங்கைச் சமவெளிக் காடுகளை அழித்து, வேளாண்மையைப் பெருக்கி, உபரியை உண்டாக்கி, கி.மு. 6ஆம் நூற்றாண்டளவில் நகரங்களைத் தோற்றுவித்தன என்று கோசாம்பியும், அவருக்குப் பின் இராம் சரண் சர்மாவும் கருதினர். அமலானந்த கோஷ் முதலியோர், இரும்பு ஒன்றே நகரை ஆக்கிவிடாது. உபரியைத் திரட்டும் ஆட்சியமைப்பும் வேண்டும் என மறுத்தனர். இவ்வழக்கிற்குத் தமிழ்நாடு இன்று புதிய சான்றுகளைத் தருகின்றது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022இலும், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கி.மு. 3345 வரை செல்லும் என 2025இலும் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்டது. இக்காலக் கணிப்புக்கு மேலும் சான்று வேண்டுவோரும் உளர். கீழடியில், செங்கற் கட்டடங்களும் நூல்நூற்கும் தக்களிகளும் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கொண்ட நகர வாழ்வு, 2019இல் வெளியான அறிக்கையின்படி கி.மு. 6ஆம் நூற்றாண்டளவில் தொடங்குகின்றது. இவ்விரு கணிப்புகளும் நிலைபெறுமாயின், இரும்பு வந்தபின் நகரம் தோன்ற நெடுங்காலம் ஆயிற்று என்றாகும். கருவி மட்டுமே வரலாற்றை இயக்குவதில்லை. அக்கருவியைச் சுற்றி மனிதர் அமைத்துக்கொள்ளும் உறவுகளே அதன் ஆற்றலைத் திறக்கின்றன. வியப்பு யாதெனில், உறவுகளின் முதன்மையை வற்புறுத்தியவரும் மார்க்சே. கருவி ஒன்றையே பற்றிக்கொண்டவர் அவர் கொள்கையில் பாதியைத்தான் படித்தனர்.

மார்க்சே தவறிய இடமும் உண்டு. 1853இல் அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்றுக்கு எழுதிய கட்டுரைகளில், இந்தியச் சிற்றூர்கள் தேங்கிய குட்டை போல் மாறாது கிடந்தன என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். அவருக்குக் கிடைத்தவை ஆங்கில அலுவலர் அறிக்கைகளே. நம் கோயிற் சுவர்கள் அன்று படிக்கப்படவில்லை. பிற்காலத்தில் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா, சோழர் கல்வெட்டுகளில் நிலம் விற்றோர், கொண்டோர் பெயர்களை எல்லாம் திரட்டி எண்ணினார். முற்காலச் சோழர் ஆட்சியில் ஊரார் பொதுவாக நிலம் வைத்திருந்த நிலை இருந்ததையும், பிற்காலச் சோழர் ஆட்சியில் தனியார் நிலவுடைமை பெருகியதையும் காட்டினார். தேங்கிய குட்டை என்றது, ஓடிக்கொண்டிருந்த ஆறு! மார்க்சின் முடிவை மறுத்த அந்த ஆய்வு, நிலம் யாருடையது என்னும் மார்க்சின் வினாவிலிருந்தே தொடங்கியது என்பதையும் நாம் மறத்தலாகாது.

கல்வெட்டுகளைப் பற்றிக் கூறும்போது என் பிழையொன்றை நான் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் வடசென்னைப் பள்ளியொன்றில் சோழர் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து, “ஐயா, நம் ஒற்றியூர்க் கோயிலைக் கட்டியது யார்?” என்றான். “இராசேந்திர சோழன் காலத்தது” என்றேன். “அது காலம் ஐயா, கல்லை அடுக்கியவர் யார்?” என்றான். “தேர்வில் வராத வினா, உட்கார்” என்றேன். வகுப்பு நகைத்தது. அவன் உட்கார்ந்தான், அதன்பின் என் வகுப்பில் அவன் எதையும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு படிப்பை விட்டு வேலைக்குச் சென்றுவிட்டான்.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் திருவொற்றியூர்க் கல்வெட்டுகளைப் பற்றிப் படிக்கலானேன். 1912ஆம் ஆண்டு அறிக்கையிலேயே அக்கோயிலின் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் பதிவாகியுள்ளன. தூங்கானை மாட வடிவில் அமைந்த அதன் கருங்கல் விமானம், இராசேந்திரன் காலத்தில் சதுரானன பண்டிதர் விருப்பப்படி, இரவி என்னும் வீரசோழத் தச்சனால் கட்டப்பட்டது எனக் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றது. 14ஆம் நூற்றாண்டில், சம்புவராயர் ஆட்சியில், அக்கோயிலில் பணிபுரிந்த மகளிர் குழுக்களிடையே யாருக்கு எப்பணி என எழுந்த வழக்கைத் தீர்த்த செய்தியும் அங்குக் கல்லில் உண்டு. உழைப்பும், உழைப்பின் பங்கீடும், அதனால் எழுந்த பூசலும் ஆகிய யாவும் எங்கள் பள்ளிக்கு அண்மையில் சுவரில் எழுதப்பட்டிருந்தன. அம்மாணவனின் வினாவுக்கு விடை இருந்தது. ஆசிரியனாகிய நான்தான் படித்திருக்கவில்லை. மூட்டை சுமந்தவரின் மகனாகிய நானே, சுமந்தவர் யார் என்ற வினாவை அடக்கிவிட்டேனே என்னும் எண்ணம் இன்றும் என்னை வருத்துகின்றது.

தச்சனின் பெயர் கல்லில் நின்றது. கல் சுமந்தோர் பெயர்கள் நிற்கவில்லை. அவர்களை அறியக் கருவிகளும், குடியிருப்புகளும், எலும்புகளும், உண்ட தானியத்தின் எச்சங்களுமே வழி. எழுத்தில் இடம் பெறாதவர்க்கு வரலாற்றில் இடம் தருவது இவ்வாராய்ச்சி. மார்க்சின் அரசியலை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். அது அவரவர் உரிமை. ஆனால், ‘இதனைச் செய்தவர் யார், இதன் பயனைத் துய்த்தவர் யார்’ என வினவாமல் இனி எவரும் ஒரு பட்டறையையோ, களஞ்சியத்தையோ, கல்லறையையோ முழுமையாக ஆராய இயலாது. இவ்வினாவை ஆய்வுக்கூடத்தின் உடைமையாக்கியதில் மார்க்சியத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

மாணவர்களே! இன்று பழமை நம் கண்முன்னே உருவாகிக்கொண்டிருக்கின்றது. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையம் இன்னும் நிற்கின்றது. பெரம்பூரில் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் உழைத்த பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையமும் 2017இல் நின்றுவிட்டது. கட்டடங்கள் இடிபடும்போது இயந்திரங்கள் பழைய இரும்பாக நிறுக்கப்பட்டு விலையாகின்றன. முதலாளியின் கணக்கேடு ஒருவேளை ஆவணக் காப்பகத்தில் எஞ்சும்; தொழிலாளியின் சோற்றுத் தூக்கும், வருகைச் சீட்டும், உளியும் எங்கே எஞ்சும்?

உங்கள் வீடுகளில் தேடிப்பாருங்கள். பாட்டனாரின் கொக்கியோ, வலை பின்னும் ஊசியோ, உப்பளத்துப் பலகையோ கிடைக்கக்கூடும். அதன் நீளத்தை அளந்து, படம் வரைந்து, எதனால் ஆனது, யார் செய்தது, எவ்வாறு பிடித்தனர், என்ன கூலி கிடைத்தது, எப்போது பயனற்றுப் போயிற்று என்பவற்றை முதியோரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். தேய்ந்த பகுதியைத் துலக்கிவிடாதீர்கள், அதுவே சான்று. எழுதியதை உங்கள் வரலாற்று ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் விடையறியாத வினா ஒன்று அதிலிருந்து எழுமாயின், அதனை அஞ்சாது கேளுங்கள்.